மொட்டைக் கடிதம் எழுதிய பேனா

மணலூர்க்கோட்டையை ஆண்ட கோவிந்தப்ப நாயக்கருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மற்ற ராஜாக்கள் யானைக்கும் குதிரைக்கும் அலைந்தால், இவர் நல்ல பேனாவுக்கு அலைவார். அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி. சேனாதிபதியின் இடுப்பில் வாளுக்குப் பக்கத்திலேயே பேனாக்கூடு தொங்கும். அரண்மனை வைத்தியர் நோயாளியை உட்கார வைத்துவிட்டுப் பேனாவுக்கு நாணல் சீவிக்கொண்டிருப்பார். சீவி முடிக்கும்வரை நோயாளி தாங்கினால் அவன் அதிர்ஷ்டம்.

அந்தச் சபையில் படம் எழுதுகிறவன் வைரவன். கையும் வேகம், வாயும் வேகம். ராஜாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். பிரியம் இருக்கிற இடத்தில் பொறாமைக்குக் கேட்க வேண்டுமா? ஒருநாள் காலை ராஜாவின் தலையணைக்கு அடியில் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. 'வைரவன் கோட்டையின் படத்தை வரைந்து பகைவனுக்கு விற்றுவிட்டான். இப்படிக்கு, தங்கள் நலம் விரும்பி.'

ராஜா அவனைத் தனியே கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்.

"என்னடா இது?"

"பொய், மகாராஜா."

"பொய்யின்னா எழுதினவனைப் பிடிச்சுக் காட்டு. நாளைக்குச் சபை கலையுறதுக்குள்ள காட்டலைன்னா நீ இந்த ஊர் எல்லைக்குள்ள இருக்கக் கூடாது."

வைரவனுக்கு அது பிறந்து வளர்ந்த ஊர். துரோகி என்ற பெயரோடு வெளியேறினால் எந்த ஊரில் சோறு போடுவார்கள்? வீட்டுக்கு வந்து கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தான். எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எழுதினவன் இடது கையால் எழுதியிருந்தான் போலும். எழுத்தெல்லாம் நண்டு நடந்த மாதிரி கோணல்.

எழுத்துத்தான் கோணல். கோடு கோணல் இல்லை! தடித்த இடம் தடித்து, மெலிந்த இடம் மயிரிழையாய் மெலிந்து, புள்ளி ஒவ்வொன்றும் கடுகை எடுத்து வைத்தது போல ஒரே அளவு. எங்கேயும் மை கசியவில்லை. வைரவன் தன் கஷ்டத்தையெல்லாம் மறந்து, "அடடா, என்ன பேனா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். சொன்னவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் சபை கூடியது. வைரவன் கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்து நின்றான்.

"ஆளைப் பிடிச்சியா?" என்றார் ராஜா.

"ஆள் தெரியலை மகாராஜா. ஆனா ஒண்ணு தெரியுது. என்மேல மொட்டைக் கடிதம் எழுதினவன் பரம தரித்திரன். பாவம், ஒரு நல்ல பேனா வாங்கக்கூட வக்கில்லை. தெருவுல கிடந்த காக்கா இறகை எடுத்து எழுதியிருக்கான்."

சபை சிரித்தது. வைத்தியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ராயசம் நரசப்பா மட்டும் தொண்டையைச் செருமினார். ராயசம் என்றால் ராஜாவின் கடிதங்களை எழுதுகிற பெரிய உத்தியோகம்.

"அதையும் ஒழுங்காச் சீவத் தெரியலை. பல்லால கடிச்சுத் துப்பியிருக்கான் போல. மை வழியுது, மூக்கு ஒழுகுற பிள்ளை மாதிரி."

நரசப்பாவின் மீசை துடித்தது. அவர் உத்தரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வெற்றிலையை எடுத்தவர் மெல்லாமலே வைத்தார்.

"சுருக்கமாச் சொன்னா மகாராஜா, அந்தப் பேனா எழுதறதுக்கு லாயக்கில்லை. வேணும்னா எருமைக்குக் காது குடையலாம்."

"நாக்கை அடக்கும், ஓய்!" நரசப்பா துள்ளி எழுந்துவிட்டார். "காக்கா இறகா? தாமிரபரணிக் கரை நாணல்யா அது! நானே தேடி அறுத்து, ஆறு மாசம் எருவுல புதைச்சுப் பதம் பண்ணினது. முனையைச் சீவ மட்டும் மூணு நாள் ஆச்சு! மை வழியுதா? எங்கே, அந்தக் கடிதத்துல ஒரே ஒரு இடத்துல கசிஞ்சிருக்குன்னு காட்டும், பார்ப்போம்!"

சபையே அவர் பக்கம் திரும்பியது. நரசப்பா சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மெதுவாக உட்காரப் பார்த்தார்.

"நில்லு," என்றார் ராஜா. "கடிதத்தை நானும் வைரவனும்தான் பார்த்தோம். கசியலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நரசப்பா பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகும்படி தீர்ப்பாயிற்று. வைரவனுக்கு வெட்டிய குழியில் அவரே விழுந்தார். ஆனாலும் மனிதர் கல்லாக நின்றார். உத்தியோகம் போனதற்கும் அழவில்லை, மாளிகை போனதற்கும் அழவில்லை.

"வைரவா, இத்தனை பேர்ல இவன்தான்னு எப்படிடா கண்டுபிடிச்சே?"

"நான் எங்கே கண்டுபிடிச்சேன், மகாராஜா? ஊசியால குத்திப் பார்த்தேன், அவரே கத்தினார். இப்படிப்பட்ட பேனா வச்சிருக்கிறவன் பேரை மறைப்பான், கையெழுத்தை மறைப்பான். பேனாவைத் திட்டினா மட்டும் பொறுக்க மாட்டான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன பரிசு வேணும், கேள்!"

"அந்தப் பேனாவே போதும்."

காவலர்கள் நரசப்பாவின் கூட்டிலிருந்து பேனாவை உருவினார்கள். அப்போது அழுதார் பாருங்கள், அப்படி ஓர் அழுகை! அழுதபடியே வாசல் வரை போனவர், காவலரை உதறிவிட்டுத் திரும்பி நின்று கத்தினார்:

"ஓய் வைரவா! நீர் நல்லாவே இருக்க மாட்டீர்! ஆனா அதை அழுத்தி மட்டும் எழுதாதேயும், முனை போயிடும்!"