நாற்பத்தாறு நாள் ஒருசந்தி

"இன்னும் கடுமையா ஒரு தவம் சொல்லு, பெர்பேத்து," என்றாள் மிக்கேலம்மாள்.

பெர்பேத்து கடற்கரையில் உள்ள மாதா கெபியை, அந்தச் சின்னக் குகைக் கோயிலை, பார்த்துக்கொள்கிறவள். மிக்கேலம்மாளைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் மனது குழம்பினால் ஊரார் அவளிடம்தான் வருவார்கள்.

"இப்போ என்ன தவம் இருக்கியக்கா?"

"தவக்காலம் முழுக்க ஒருசந்தி. ஒரே வேளைதான், அதுவும் வெறும் கஞ்சி. வீட்டுல மீன் வாசமே கிடையாது. பன்னிரண்டு வருசமா ஒரு நாள்கூட விடலை."

"பிறகு என்ன குறை?"

மிக்கேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டு அவரு அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு. உயிர்த்த ஞாயித்துக்கும் வரமாட்டாராம். அவரு மனசு மாறி வரணும். அதுக்குத்தான் கேக்கேன்."

"என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"'ஞாயித்துக்கிழமையாவது என்கூட உக்காந்து ஒரு வாய் மீன் சாப்பிடேன்ட்டி'ன்னாரு. சாத்தான் பேச்சு பேசாதியன்னேன்."

பெர்பேத்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு மீன் ஆசை இல்லையாக்கா?"

"அந்த ஆசையைக் கொன்னு ஆண்டவருக்குக் கொடுத்தாச்சு."

"செத்ததை வச்சு அவரு என்ன செய்வாரு?"

மிக்கேலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீ தவத்தைச் சொல்லு."

"ரொம்பக் கடுமையா இருக்கும்."

"இருக்கட்டும்."

"பாதியில எந்திரிக்கக் கூடாது."

"உயிரே போனாலும் எந்திரிக்க மாட்டேன். மாதா மேல ஆணை."

"அப்போ ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு என் வீட்டுக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பாயில் அவள் புருஷன் தொம்மை, பெர்பேத்து ஆள் அனுப்பி வரவழைத்தவர், உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு தட்டு. சோறு, விளமீன் குழம்பு.

"இது தவக்காலம், பெர்பேத்து."

"விபூதிப் புதன்ல தவக்காலம் தொடங்கி பெரிய சனி வரைக்கும் எத்தனை நாள்?"

"நாப்பத்தாறு." அவள் யோசிக்கவே இல்லை.

"ஆண்டவர் வனாந்தரத்துல எத்தனை நாள் இருந்தாரு?"

"நாப்பது."

"மிச்சம் ஆறு?"

மிக்கேலம்மாள் விரல்களை மடக்கினாள். இரண்டு முறை மடக்கிப் பார்த்தாள்.

"ஞாயிறு," என்றாள், வாய்க்குள்.

"திருச்சபையே அதை நோன்புல சேர்க்கலை. நீங்க சேர்த்திருக்கிய. உக்காருங்க. ஆணை போட்டிருக்கிய."

உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கசப்பு மருந்து குடிப்பதுபோல் மூன்று வாய் விழுங்கினாள்.

பெர்பேத்து தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இப்படி இல்ல. ருசிச்சுச் சாப்பிடணும். அதுதான் தவம்."

"வரலையே," என்றாள் மிக்கேலம்மாள். "எப்படின்னே மறந்துபோச்சு."

எழுந்திருக்கப் பார்த்தாள். ஆணை நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

தொம்மை தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சதையை அவள் சோற்றின்மேல் வைத்தார்.

அவள் அதை எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள்.

நெடுநேரம் கழித்து, "புளி கம்மி," என்றாள்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்," என்றார் தொம்மை.

"சமைச்சவ இங்கதான் இருக்கேன்," என்றாள் பெர்பேத்து.

இருவரும் குழம்புச் சட்டி காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

கை கழுவும்போது தொம்மை கேட்டார்.

"நாளைக்கு என்ன சமைப்ப?"

"நாளைக்குத் திங்கள். கஞ்சிதான்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் சேர்த்து வை," என்றார்.