வெள்ளை யானையும் அடைத்த சன்னலும்

வரிசை பிசகாமல் சொல்கிறேன், கேளுங்கள். வெள்ளை யானை வளர்த்த ராஜா ஒருவர் ஆண்ட காலத்தில், அரண்மனை ஓவியக்கூடத்தில் மூன்று கொடுமைகள் நடந்தன.

முதலாவது, அதிகாரி காளிங்கன் வடக்குச் சன்னல்களைப் பலகையால் அடைத்தான். தூசி வருகிறதாம். யார் தீட்டுகிறார்கள் என்று வெளியே தெரியக்கூடாது என்பதே உண்மை.

இரண்டாவது, பகலிலும் ஆமணக்கெண்ணெய் விளக்கில் வேலை வாங்கினான். அந்தச் சுடரில் வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும்.

மூன்றாவது, நிறம் பிசகினால் அடி ஓவியருக்கு. படம் அமைந்தால் பெயர் அவனுக்கு.

பெயர் சின்ன விஷயமில்லை. படத்தை முற்றத்து வெயிலில் விரித்து, அதிலுள்ள எழுத்தையெல்லாம் மேலிருந்து கீழாக ஐந்து சாட்சிகள் முன் படிப்பது அந்த நாட்டு வழக்கம். தீட்டியவராக யார் பெயர் வருகிறதோ, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் கூடம் அவர் கையில்.

தன் யானையைத் துணியில் தீட்டும்படி ராஜா உத்தரவிட்டார். தீட்டியவள் அரியாள். சன்னலைத் திறக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாள். முதல் முறை காளிங்கன் சிரித்தான். இரண்டாம் முறை வையாமல் விடவில்லை. மூன்றாம் முறை, "சூரியன் என்ன உன் தாய்மாமனா, கூப்பிட்டதும் உள்ளே வர?" என்றான்.

"இல்லை ஐயா. இந்த விளக்கே போதும்," என்றாள் அரியாள்.

மறுநாள் தன் வீட்டு வாசல் வெயிலில் சுண்ணாம்பு வெள்ளையோடு அரிதாரம் என்ற மஞ்சள் பொடி சேர்த்து இளமஞ்சள் குழைத்தாள். கூடத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளை யானையின் வயிறு நிறைய எழுதினாள். அவள் கண்ணுக்கே தெரியவில்லை. கை அறிந்து எழுதியது.

காளிங்கன் விளக்கைத் தூக்கி மூன்று முறை மேலும் கீழும் பார்த்தான். மாசில்லாத யானை என்று மெச்சினான். யானையின் காலடியில் தன் பெயரைத் தானே கறுப்பில் கொட்டை எழுத்தில் எழுதி, துணியைச் சுருட்டி, முத்திரை வைத்தான்.

முற்றத்தில் முத்திரை உடைந்தது. துணி விரிந்தது. சாட்சிகள் ஐவரும் யானையின் வயிற்றையே பார்த்தார்கள்.

காளிங்கன், அந்த எழுத்து தான் பார்த்தபோது இல்லை என்றான். முத்திரை யாருடையது என்று ராஜா கேட்டார். தன்னுடையதுதான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று கேட்டார். விளக்கில் என்றான். ராஜா படிக்கச் சொன்னார்.

நீதியை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிப்புச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது: உழைப்பவரின் வெளிச்சத்தைப் பறிப்பவனுக்குத் தன் கண்ணெதிரே இருப்பதும் தெரியாமல் போகும்.

படிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு யானையின் வயிற்றிலிருந்து தொடங்கினார்.

"இந்த யானையைத் தீட்டியவள் அரியாள். பகலில் சன்னலை அடைத்து, விளக்கேற்றி, அவள் பெயரைத் திருட வந்தவன்..."

விரல் காலடிக்கு இறங்கியது. கறுப்பு எழுத்தை உரக்கப் படித்தார்.

"காளிங்கன்."