நம்பகமான டாங்கிள்

மடத்துக் கம்ப்யூட்டரின் டாங்கிள் செத்துப்போன வாரத்தில்தான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து போன் வந்தது.

டாங்கிள் என்பது கட்டைவிரல் நகம் அளவு சாமான். கம்ப்யூட்டரின் துளையில் செருகினால் காற்றில் வரும் வைஃபையைப் பிடித்துக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. மடத்தில் சேருகிறவர்கள் செல்போனை வாசலோடு விட்டுவிட வேண்டும் என்பது விதி. வெளியுலகம் வேண்டுமென்றால் அந்தப் பெட்டி, அதுவும் இல்லையென்றால் அலுவலகத்துப் பழைய போன்.

அந்தப் பழைய போனில் பேசியவன் சாத்தப்பனின் தம்பி மகன்.

"பெரியப்பா, அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி உங்க முகத்தப் பாக்கணுமாம். கம்ப்யூட்டர்ல கூப்பிடுங்க."

சாத்தப்பன் மடத்துக்கு வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற மனிதர். கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். தம்பி வயிரவன் ஈப்போவிலிருந்து வந்து சேரும்வரை பொறுக்காமல் இவரே வைத்துவிட்டார். அன்று அறுந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை.

இப்போது பேச வேண்டும். பேச டாங்கிள் வேண்டும். அன்றே அவரைக் குழப்பம் பிடித்துக்கொண்டது.

மடத்தின் குரு மங்கையர்க்கரசி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அவரிடம் போய் நின்றார்.

"எந்த டாங்கிள் நம்பகமானது அம்மா?"

"கடைக்காரர் என்ன சொல்றார்?"

"சின்னது நல்லதுங்கிறார். சின்னது சூடாகி இணைப்பு விட்டுப்போகும், ஆன்டெனா வெச்சது வாங்குங்கன்னு அவர் மகன் சொல்றான். கம்ப்யூட்டரே பழசு, எதைப் போட்டாலும் இப்படித்தான்னு பக்கத்துக் கடைக்காரர்."

"வாங்கினவங்க?"

"அவங்க எழுதினதைக் கடையில போன்ல காட்டினாங்க. பாதிப் பேர் கும்பிடறாங்க, பாதிப் பேர் திட்டறாங்க. ஒரே டாங்கிளை!"

அம்மை சிரித்தார். "ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வாங்க ஐயா."

சின்னதை வாங்கி வந்தார். மடத்தில் எந்தப் புதுச் சாமானுக்கும், மண்வெட்டியானாலும் மிக்ஸியானாலும், சந்தனப் பொட்டு வைக்காமல் தொடமாட்டார்கள். சாத்தப்பன் பக்தியில் ஒரு படி மேலே. சந்தனத்தைக் குழைத்து டாங்கிளின் தகர வாயிலேயே அப்பி, ஈரம் காயுமுன் செருகிவிட்டார். அதன் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்துபோனது.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் அம்மா!"

அம்மை அதை உருவி வாயைத் திருப்பிப் பார்த்தார்.

"பழசுக்கும் ஆயுத பூஜையில நீங்கதானே பொட்டு வெச்சீங்க?"

"ஆமா."

"நெத்தியில வைங்க ஐயா. வாயில வைக்காதீங்க."

அடுத்து ஆன்டெனா வைத்ததை வாங்கி வந்தார். பொட்டில்லாமல், வேறு துளையில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நியாயமாகப் பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். மனிதர் விட்டால்தானே. விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கழற்றினார், மாட்டினார், எழுந்து போனார், திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை இப்படியே கழிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க ஐயா?"

"இன்னும் நல்லதா ஒண்ணு வந்திருக்காம் அம்மா."

"இதுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ஆனா வராதுன்னு யார் சொல்றது? வயிரவன் பேசிக்கிட்டு இருக்கும்போது விட்டுப்போச்சுன்னா? நான்தான் வெட்டிட்டேன்னு நினைப்பான். அன்னைக்குக் கொள்ளி வெச்ச பிறகு சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்து, ஏன் பொறுக்கலன்னு அவன் அழுதுக்கிட்டே கேட்டான். அவன் பேசிக்கிட்டு இருக்கும்போதே நான் பாதியில திரும்பி வந்துட்டேன். பயமா இருக்கு அம்மா. விட்டே போகாத ஒண்ணு வேணும் எனக்கு."

அம்மை அவரைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போய், சுவரிலிருந்த, வைஃபையைக் காற்றில் அனுப்பும் ரவுட்டரின் சுவிட்சைத் தட்டி அணைத்தார். டாங்கிளின் பச்சை விளக்கும் அணைந்தது.

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டீங்க! நல்லாத்தானே இருந்துச்சு!"

அம்மை சுவிட்சைத் திரும்பப் போட்டார். இருவரும் நின்றார்கள். டாங்கிளில் அசைவே இல்லை. சாத்தப்பன் அதைப் பிடுங்கிச் செருகக் கையை நீட்டினார். அம்மை அந்தக் கையைத் தடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து விளக்கு துடித்தது. துடித்துத் துடித்து நிலைத்தது.

"நாம யாராவது அதைத் தொட்டோமா?"

"இல்லையே."

"யாராவது சமாதானம் சொல்லிக் கூட்டிட்டு வந்தோமா?"

"இல்ல அம்மா. தானாத் தேடிப் போய்ச் சேர்ந்துக்கிச்சு."

"அப்ப இதை நம்பலாமா?"

சாத்தப்பன் விளக்கைப் பார்த்தபடி நின்றார். "விட்டுப்போனாலும் திரும்பிப் போய்ச் சேர்ந்துக்குது. நம்பலாம் அம்மா."

அம்மை நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"உங்களை உங்க தம்பி நம்பலாமா ஐயா?"