அசல் யானை, போலி யானை

திருப்பூரிலிருந்து தெற்கே போகிற மினி பஸ், டிரைவருக்கு மனசு வந்தால் மட்டும் நிற்கிற ஊர் சின்னக்கோணம்பாளையம். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவே கிடையாது என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அறிவு இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கே நாலு பேர் சேர்ந்து துணி யானை தைத்து வந்தார்கள். பனியன் கம்பெனியில் மிச்சமாகிற கட் பீஸை மூட்டையாக வாங்கி, வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு திணித்து, ஒரு காது சிவப்பு, ஒரு காது மஞ்சள் என்று வைத்துத் தைப்பார்கள். தும்பிக்கை எப்போதும் இடது பக்கம் சாய்ந்திருக்கும். அவர்கள் நேராகத் தைக்கத்தான் பார்க்கிறார்கள், அது சாய்ந்துகொள்கிறது. ஆனாலும் அந்த யானையைப் பார்த்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றும். கடவுள் சிலருக்குக் கையில் மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்.

நாலு பேரில் தலைவி மாராத்தாள். யோசிக்கிற வேலை சென்னியப்பனுடையது. எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று கணக்கு. ராக்கியப்பன் பஞ்சு திணிப்பான். அவன் திணித்த யானையை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். பழனாத்தாளிடம் செல்போன் இருந்தது. தைத்த யானைகளைப் படம் பிடித்து, இணையத்தில் அவர்கள் வைத்திருந்த பக்கத்தில் போடுவது அவள் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மேகலாம்பிகை என்ற பொம்மைக் கடைக்காரம்மா கூப்பிட்டார்.

"புதுக் கடை திறக்கறேன். நூறு யானை வேணும். ஆனா உங்களை நம்பறதா வேண்டாமான்னு தெரியலை. இதே படம், இதே காது, 'கஜராணி கைவினை'ன்னு இன்னொரு பக்கத்துல இருக்குது. என் தங்கச்சி அங்கே ஒரு யானைக்குப் பணம் கட்டி மூணு மாசமாச்சு. யானையும் வரலை, பணமும் வரலை. வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன். நீங்கதான் அசல்னு காமிச்சா ஆர்டர் உங்களுக்கு. இல்லேன்னா போலீஸ்."

இந்த ஆர்டர் போனால் யானைத் தொழிலை மூடிவிட்டு, பழையபடி அரிசி மில்லில் சாக்குத் தைக்கப் போக வேண்டியதுதான். மில் முதலாளி நாலு கோணி ஊசிகளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகவும் கேள்வி.

செல்போன் கடை யூசுப் பாயிடம் ஓடினார்கள். பாய் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க படத்தை எல்லாம் எவனோ தூக்கிட்டான். இனிமே வெறும் படமாப் போடாதீங்க. குறுக்கால உங்க பேரைப் பெருசா எழுதிப் போடுங்க. அழிக்க முடியாதபடி எழுதணும்."

அழியாத மார்க்கர் பேனா ஒன்று வாங்கினார்கள். பழனாத்தாள் செல்போனின் கண்ணாடி மேலேயே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, 'சின்னக்கோணம்பாளையம் யானைகள்' என்று எழுதினாள். பிறகு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பேர் இருந்தது.

"ஏனக்கா, என்ற கல்யாணப் போட்டோவுலயும் இருக்குதே. எங்க வீட்டுக்காரர் மூஞ்சி மேலயே!" என்றாள் பழனாத்தாள்.

"இருக்கட்டும் அம்மிணி. அவரையும் இனி எவளும் தூக்க முடியாது," என்றாள் மாராத்தாள்.

புதுசாக ஒரு யானைப் படத்தையும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். விடிந்ததும் பாயின் போனை வாங்கிக் கஜராணி பக்கத்தைப் பார்த்தால், அந்தப் புதுப் படமும் அங்கே இருந்தது. பேர் மட்டும் இல்லை.

சென்னியப்பன் தலையை ஆட்டினான். "அழியாத மையையே அழிச்சிருக்கான். சாதாரண ஆள் இல்லை. போலீசுக்குத்தான் போகணும்."

ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "என்ன திருட்டுப் போச்சு?"

"நாப்பத்திரண்டு படங்க."

"கடைசியா எங்கே இருந்துச்சு?"

"இந்தப் போன்லதானுங்க."

"இப்ப அதுல இல்லையா?"

"இருக்குதுங்க. நாப்பத்திரண்டும் இருக்குதுங்க."

ரைட்டர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "இது எனக்குத் தாங்காதுங்க. சைபர் பிரிவுக்கு எழுதிப் போடுங்க. அதுவரைக்கும் போனைப் பத்திரமா வெச்சுக்கங்க."

திரும்பி வருகிற மினி பஸ்ஸில் பெரிய விவாதம் நடந்தது.

"படம் போயிருக்குது. ஆனா இருக்குது. எப்படி?" என்றாள் மாராத்தாள்.

"எடுத்துட்டுப் போறான், வேலை முடிஞ்சதும் திரும்ப வெச்சுடறான்," என்றான் சென்னியப்பன்.

"நல்ல வளர்ப்பு," என்றான் ராக்கியப்பன். அவன் பக்கத்து வீட்டில் வாங்கிய கடப்பாரையை நாலு வருஷமாகத் திருப்பித் தரவில்லை.

"அது கெடக்குது. உள்ளே எப்படி வர்றான்?"

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கீழே சார்ஜர் குத்துகிற ஓட்டை. பக்கத்தில் பாட்டுக் கேட்கிற ஓட்டை. விஷயம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ராக்கியப்பன் இலவம்பஞ்சை எடுத்து, யானைக்குத் திணிப்பது போலவே, இரண்டு ஓட்டையிலும் குச்சி வைத்து இடித்துத் திணித்தான்.

சாயங்காலம் போன் இருண்டு போனது. தட்டினார்கள், குலுக்கினார்கள், அசைவில்லை.

சென்னியப்பன் முகம் வெளுத்தது. "நாம அடைக்கிறப்போ அவன் உள்ளே இருந்திருக்கான்."

"ஐயோ!"

"காத்துப் போக வழியில்லை. மூச்சு முட்டிப் போயிருப்பான். போன் எப்படிச் சில்லுனு இருக்குது பாரு."

"டேய் ராக்கி! படம் திருடினதுக்காக ஆளையே கொல்லுவியா? அவனுக்கும் புள்ளை குட்டி இருக்குமில்ல?" என்று மாராத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் வழக்கமாத் திணிக்கிற மாதிரித்தான் அக்கா திணிச்சேன்," என்று ராக்கியப்பன் அழ ஆரம்பித்தான்.

ஊசியை விட்டுப் பஞ்சை நூல் நூலாக இழுத்து வெளியே எடுத்தார்கள். பழனாத்தாள் முந்தானையால் விசிறினாள். சார்ஜரைக் குத்திக் கொஞ்ச நேரத்தில் திரையில் வெளிச்சம் வந்தது.

"பொழைச்சுக்கிட்டான்!" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ராக்கியப்பன் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை யூசுப் பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "நாளைக்கு அந்தம்மா வர்றாங்க. ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. அவன் பக்கத்துல என்ன போட்டிருக்கான்னு முழுசாப் படிங்க. படிச்சுட்டு, உண்மை எதுவோ அதை அங்கேயே எழுதுங்க."

படித்தார்கள். மேலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது: 'எச்சரிக்கை! எங்கள் யானைகளைப் போலவே தைத்துச் சில போலிகள் விற்கிறார்கள். ஏமாறாதீர்கள். அசல் நாங்களே.'

நாலு பேரும் அதை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

"அந்தப் பக்கத்துல எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?" என்று மாராத்தாள் கேட்டாள்.

"நாப்பதாயிரம் அக்கா."

"நம்ம பக்கத்துல?"

"முப்பத்தொண்ணு. அதுல நாலு நாமதான்."

"நாப்பதாயிரம் பேரு பொய் சொல்லுவாங்களா?"

"நம்ம பக்கத்துல 'அசல்'னு எங்கேயாவது எழுதியிருக்கோமா?" என்று சென்னியப்பன் கேட்டான்.

எழுதியிருக்கவில்லை.

"அப்ப முடிஞ்சது. போலி யாருன்னு தேடிட்டு இருந்தோம். இவ்வளவு பக்கத்துல இருப்பாங்கன்னு தெரியாமப் போச்சே," என்றான் சென்னியப்பன். மாராத்தாள் மூக்கைச் சிந்தினாள்.

பாய் சொன்னபடி உண்மையை எழுதினார்கள்: 'மதிப்பிற்குரிய கஜராணி அவர்களுக்கு. தாங்கள் படம் போட்டிருக்கும் யானைகளை நாங்கள் தங்கள் அனுமதி இல்லாமல் ஆறு வருடமாகத் தைத்து வந்திருக்கிறோம். தெரியாமல் செய்த பிழை. மன்னிக்கவும்.'

அடுத்த நிமிடமே ஒரு சிவப்பு இருதயம் பதிலாக வந்தது.

"பெரிய மனசு," என்றாள் பழனாத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேகலாம்பிகை அம்மா காரில் வந்து இறங்கினார். நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"யாருங்க அசல்?"

"நாங்க இல்லீங்க. நாங்க போலிங்க. போலீசைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க. கொஞ்சம் மோர் குடிச்சுட்டுக் கூப்பிடுங்க," என்றாள் மாராத்தாள்.

அந்தம்மாவுக்கு இதுவரை எந்த ஏமாற்றுக்காரனும் இப்படி மோர் கொடுத்ததில்லை. சுற்றிலும் பார்த்தார். கட் பீஸ் மூட்டை, பஞ்சு, தையல் மெஷின், சுவரோரம் யானை இல்லாத பதினொரு காதுகள்.

"என் கண்ணு முன்னாடி ஒண்ணு தைங்க பார்க்கலாம்."

"தைக்கலாமுங்க. ஆனா கஜராணிகிட்ட இன்னும் அனுமதி வாங்கலீங்களே."

"நான் தர்றேன் அனுமதி. தைங்க!"

தைத்தார்கள். பேச்சில் தடுமாறினவர்களின் கைகள் துணியில் தடுமாறவில்லை. ஒரு மணி நேரத்தில் யானை எழுந்து நின்றது. தும்பிக்கையை இந்தத் தடவையாவது நேராக வைத்துவிட வேண்டுமென்று பழனாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். அது இடது பக்கம் சாய்ந்துகொண்டது.

அந்தம்மா யானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "அந்தப் படத்துல இருக்கறதும் இதே சாய்வுதான். இது வேற யாருக்கும் வராது. நீங்கதாம்மா அசல். அவன் திருடன்."

"நெசமாவா?" என்றாள் மாராத்தாள். நாலு பேரும் ஒருவரையொருவர் புது மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

அந்தம்மா முன்பணம் கொடுத்தார். தைத்த யானையைக் கையோடு எடுத்துக்கொண்டார். காரில் ஏறும்போது சொன்னார்: "பதினைஞ்சு நாள் டைம். எப்படிப் பண்ணுவீங்களோ, எங்கிருந்து கொண்டு வருவீங்களோ எனக்குத் தெரியாது. நூறு யானை என் கடையில இருக்கணும்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சாக்குத் தைக்கிற வேலையிலிருந்து தப்பித்தாயிற்று. ராக்கியப்பன் பஞ்சு மூட்டையை அவிழ்த்தான். பழனாத்தாள் ஊசியில் நூல் கோத்தாள்.

"நிறுத்துங்க," என்றான் சென்னியப்பன். "அந்தம்மா என்ன சொன்னாங்க? எங்கிருந்து கொண்டு வந்தாலும் சரின்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"நமக்கு ஒரு யானை தைக்க எவ்வளவு ஆகுது?"

"துணி, நூல், பஞ்சு எல்லாம் சேர்த்து இருநூறு ஆகும்."

"கஜராணியில நூத்தி அம்பதுதான். மூணே நாள்ல வீட்டுக்கே வந்துரும்னு போட்டிருக்கான். அதே யானை. அதே காது. அப்புறம் நாம எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிட்டு உக்காந்து தைக்கணும்?"

எட்டாம் வகுப்பை மூன்று தடவை படிப்பது சும்மா இல்லை என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது. ராக்கியப்பன் மட்டும் கேட்டான்: "அந்தம்மா தங்கச்சிக்கு மூணு மாசமா யானை வரலையே?"

"ஒத்தை யானை கேட்டா எவன் மதிப்பான்? நாம நூறு கேக்கறோம். ஓடி வருவான்."

பழனாத்தாள் மார்க்கர் எழுத்துக்கு நடுவில் இடம் பார்த்துக் கஜராணி பக்கத்தைத் திறந்தாள். எண்ணிக்கை என்று இருந்த கட்டத்தில் நூறு என்று போட்டாள். அனுப்பப் போகிற நேரத்தில் மாராத்தாள் அவள் கையைப் பிடித்தாள். என்ன இருந்தாலும் தலைவி.

"கொஞ்சம் இரு. திருடன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. அவன் நம்ம யானைன்னு சொல்லிப்போட்டு வேற எதையாவது போலியை அனுப்பினா எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாக்க நம்ம யானை ஒண்ணு கைவசம் வேணுமே. இருந்த ஒண்ணையும் அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

நாலு பேரும் கவலையோடு சுற்றிலும் பார்த்தார்கள். துணி இருந்தது, பஞ்சு இருந்தது, நூல் கோத்த ஊசி இருந்தது. யானை இல்லை.

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தான். யோசித்து முடித்துக் கண்ணைத் திறந்தான்.

"அதுக்கென்ன அக்கா, நூத்தி ஒண்ணாப் போட்டுருவோம்."

பழனாத்தாள் நூறை அழித்துவிட்டு நூற்றொன்று என்று போட்டாள்.