விரால் மிதக்காத கண்மாய்

கொக்கனேந்தல் கண்மாயில் நினைத்த நேரத்தில் மீன் பிடிக்க முடியாது. கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும், ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதன்பிறகுதான் ஊரே வலையும் கூடையுமாக இறங்கும். கிடைத்த மீனை விற்கக்கூடாது, குழம்புதான் வைக்க வேண்டும். துண்டு வீசுமுன் ஒரு மீனைத் தொட்டாலும் அந்த வருஷம் மழை பொய்க்கும் என்பது ஊரின் நம்பிக்கை. மழையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் ஏது?

அம்பலம் சேவுகப்பெருமாள் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு வாய் முந்தும், யோசனை பிந்தும். போன வருஷம் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைமார் வலைகளெல்லாம் பாசியில் சிக்கிக் கிழிந்துபோயின. அந்த அவமானத்தில் இந்த வருஷம், மீன் பிடிக்கும் நாளுக்கு முன்பாகவே, வீட்டுக்கு ஓர் ஆள் அரிவாளோடு வந்து கண்மாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார்.

ஊரே இறங்கியது. தண்ணீருக்குள் புதர்போல வளர்ந்திருந்த வேலம்பாசி, ஆம்பல் கொடி எல்லாவற்றையும் வேரோடு அறுத்தார்கள். அறுத்ததைக் கரையேற்றத்தான் எவனுக்கும் முதுகு வளையவில்லை. "கெடக்கட்டும்ப்பா, தானா மக்கிப்போகும்" என்றார் அம்பலம்.

ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஆள் வரவில்லை. அது ராக்கு வீடு. புருஷன் இல்லாதவள். ஆம்பல் கிழங்கு தோண்டி விற்றுத்தான் தன்னையும், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வள்ளிமயிலையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்: "என் வயித்துல அடிச்சிட்டீங்களேய்யா! இந்தக் கம்மா வெளங்குமா?" ஊர் முழுக்க அதைக் கேட்டது.

அதன்பிறகு கண்மாயின் முகமே மாறியது. அறுபட்ட பாசி கறுத்து, நாறி, அடியில் படிந்தது. தெளிந்து கிடந்த தண்ணீர் நாளுக்கு நாள் பச்சையேறி, அரைத்த கறிவேப்பிலைபோலக் கெட்டியானது. வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. மாடுகள் கரைவரை போய்த் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பின.

ஒரு விடியலில் கண்மாய் வெள்ளையாகக் கிடந்தது. அத்தனையும் செத்த மீன். கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. உயிர் மிஞ்சிய இறால்கள் தண்ணீரை விட்டுக் கோரைத்தண்டில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. தவளைகள் வழக்கம்போலக் கத்தின. தண்ணீர்ப்பாம்புகள் நீந்தின. காக்கையும் நாயும் செத்த மீனை வயிறு முட்டத் தின்றுவிட்டு மேலும் தேடின. ஆனால் மிதந்தவற்றில் ஒரு விரால்கூட இல்லை.

அம்பலத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. விசாரிக்கும் முன்பே அய்யனார் சிலையைத் தொட்டு ஆணையிட்டுவிட்டார்: "இந்த மீனு சாகக் காரணமானவுக எவுகளா இருந்தாலும் சரி, பொழுது சாயறதுக்குள்ள குடும்பத்தோட ஊரவிட்டுப் போயிரணும். எத்தன பேரா இருந்தாலும், நான் பெத்த மகனா இருந்தாலும் இதான்!"

ஊர் ராக்கு பக்கம் திரும்பியது. விராலைத் திருடிக்கொண்டு மற்ற மீனுக்கு விஷம் வைத்துவிட்டாள் என்றார்கள். வயிற்றெரிச்சலில் பேசிய பேச்சே சாட்சியானது.

"திட்டுனேன், இல்லேங்கல" என்று அழுதாள் ராக்கு. "திட்டுனா மீனு சாகுமா சாமி? எம்மக நெறமாசக்காரி. இவள இழுத்துக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?"

வள்ளிமயில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த வீட்டுக் கதவும் அவளுக்காகத் திறக்கவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் மாடு மேய்க்கும் சின்னாண்டி முன்னால் வந்தான். அவனும் அரிவாளோடு இறங்கியவன்தான்.

"விரால் புடிச்சது நானுங்க. ஒண்ணே ஒண்ணு. நாக்கு கேக்கல. மழ பொய்ச்சா என்னையக் கேளுங்க, அந்தப் புள்ளைய விட்டுருங்க."

துண்டு வீசுமுன் மீனைத் தொட்டவன்! ஊர் அவன்மேலும் பாய்ந்தது. ஆனாலும் ராக்குவை விடவில்லை. அவள் சட்டி பானையை மூட்டை கட்டினாள். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நாறும் அந்தப் பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு விரால் வாயை மேலே நீட்டியது. 'க்ளுக்' என்று ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு அமிழ்ந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அம்பலம் பார்த்தார்.

அய்யனார் மேல் இட்ட ஆணைப்படி ஊரைவிட்டுப் போக வேண்டியவர் யார்? சபித்த ராக்குவா, தொடக்கூடாத விராலைத் தொட்ட சின்னாண்டியா, வேறு யாராவதா?

விடை: விஷம் வைத்திருந்தால் தவளையும் பாம்பும் தப்பியிருக்காது, மீனைத் தின்ற காக்கையும் செத்திருக்கும். விராலை யாரும் மொத்தமாக அள்ளிப் போகவுமில்லை. தவளை, பாம்புபோல விராலும் மேலே வந்து காற்றைக் குடித்து வாழும். தண்ணீரிலிருக்கும் காற்றை மட்டுமே நம்பிய உயிர்கள்தான் மூச்சு முட்டிச் செத்தன. பகலெல்லாம் தண்ணீருக்குக் காற்றூட்டிய பாசியை அறுத்தாயிற்று. அறுத்தது அழுகி, இருந்த காற்றையும் தின்றது. முன்பு பாசி உண்டுவந்த சத்தையெல்லாம் உண்டு, தண்ணீரே பச்சையாகும்படி பெருகிய கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, மூடிய வானத்தின் கீழ் இரவில் மிச்சக் காற்றையும் உறிஞ்சியது. சின்னாண்டி விராலைப் பிடித்தது ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குற்றம். ஆணை அதைப் பற்றியதல்ல. மீனைக் கொன்றது அம்பலத்தின் சொல்லும், வீட்டுக்கு ஒன்றாக இறங்கிய அரிவாளும். ஆகவே ஊரைவிட்டுப் போக வேண்டியது அம்பலம் தொடங்கிச் சின்னாண்டி வரை ஊர் மொத்தமும். ஆணைப்படி கொக்கனேந்தலில் தங்க உரிமையுள்ளவர்கள் ராக்குவும் அவள் மகளும் மட்டுமே. அவர்களைத்தான் ஊர் மூட்டை கட்ட வைத்திருந்தது.