சுபிதாவுக்காக ஒரு ஜெபம்

"உபதேசியாரே, எங்க சுபிதா வேலைய விட்டுப் போறேங்கறா. ஜெபம் பண்ணி எப்படியாவது அவ மனச மாத்திக் குடுங்க."

மார்த்தாண்டத்துல ஜவுளிக்கடை வச்சிருக்கிற பியூலாக்கா, ஜெபக்கூட்டம் முடிஞ்ச கையோட உபதேசியார் தாசையனைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவரு அவங்களை விடப் பத்து வயசு சின்னவரு. ஆனாலும் மனசுல ஏதாவது முள்ளு குத்துச்சுன்னா அக்கா ஓடுறது அவருகிட்டதான்.

"ஏன் போறாளாம்?"

"கேட்டா சிரிக்கிறா. ஒண்ணுமில்லக்காங்கறா. எட்டு வருஷமா என்கூட இருக்கா, என் பொண்ணு மாதிரி. கிறிஸ்மஸுக்குச் சேலை குடுக்கறேன். கடை திறந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் வியாபாரமே. இன்னும் என்ன குறை?"

தாசையன் தாடியைச் சொறிஞ்சாரு.

"பண்ணிடலாம்க்கா. அதுக்கு முன்னாடி நாளைக்கு ஒருநாள் சுபிதா பக்கத்துல நின்னு வேலை பாருங்க."

"நானா? சேலை எடுத்துப் போடவா?"

"ஏன், மறந்துடுச்சோ?"

"போங்க உபதேசியாரே! உங்களுக்கு எப்பவும் கேலிதான்."

ஆனா மறுநாள் காலைல நின்னுட்டாங்க!

பதினோரு மணிக்குக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு அம்மா வந்தாங்க. சுபிதா எடுத்துக் குடுக்க, அக்கா பிரிச்சுப் போட, இன்னொரு பொண்ணு லீமா மடிச்சு வைக்க, முப்பது சேலை ஆச்சு.

"இன்னும் கொஞ்சம் லைட் கலர்ல?"

இன்னும் இருபது.

கடைசில அந்தம்மா ஒரே ஒரு கர்ச்சீப் வாங்கிட்டுப் போனாங்க.

"இவங்க பரவால்லக்கா," அக்கா காதுல சுபிதா கிசுகிசுத்தா. "போன வாரம் வந்தவங்க கட்டைப்பை மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கல. இந்தப் பிள்ளை போயிட்டா இந்தக் கடைல யாரு இப்படிச் சிரிக்க வைப்பா?

மூணு மணிக்குச் சிரிப்பெல்லாம் போச்சு.

குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி வலி. கெண்டைக்கால் கல்லாயிடுச்சு. எங்கயாவது ஒக்காரலாமான்னு அக்கா சுத்திமுத்தும் பாத்தாங்க. மேசைக்கு அந்தப் பக்கம், கஸ்டமருக்கு மெத்தை வச்ச சோபா. இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல.

சுபிதா மெதுவா அவங்க முழங்கையைத் தொட்டா.

"அக்கா, அந்தத் தூணுக்குப் பின்னாடி போய்ச் சாஞ்சுக்கோங்க. அங்க நின்னா கேமராவுல தெரியாது."

பியூலாக்கா அவளையே பாத்தாங்க.

"ஏட்டி, அந்தக் கேமராவ வச்சதே நான்தானே?"

"தெரியும்க்கா. சீக்கிரம் போங்க. ரெண்டு நிமிஷந்தான், அடுத்து லீமாவோட முறை."

பியூலாக்கா தூண் பக்கம் போகல. நொண்டி நொண்டி கல்லாவுக்குப் போனாங்க. அவங்க ஒக்கார்ற நாற்காலிய ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து, சுபிதாவுக்குப் பின்னாடி போட்டாங்க.

"ஒக்காரு."

"ஐயோ, கஸ்டமர் பாப்பாங்கக்கா!"

"பாக்கட்டும்டி."