எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள்

ஞானிகள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று மக்கள் பரவலாக நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நல்லதல்ல. குறைவாகச் சாப்பிடுபவர்கள் சீடர்கள்தான். குரு பார்க்கிறாரே என்ற கூச்சம் அவர்களுக்கு. குருவுக்கு அந்தக் கூச்சம் இல்லாததால் அவர் இரண்டாம் முறையும் சோறு கேட்பார்.

அமராவதி ஆற்றங்கரையில் ஆசிரமம் வைத்திருந்த தவமணியம்மையும் அப்படிக் கேட்பவர்தான். அவருக்கு வயது முப்பத்தைந்து. சீடர்களில் ஒருவரான சிங்காரவேலு மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார். பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிங்காரவேலு வந்து வணங்கினார். எழுந்திருக்கவில்லை.

"என்னங்கய்யா?"

"எழுத்து வரமாட்டேங்குதுங்கம்மா."

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் வீட்டுச் சமையலறையைக் கைப்பற்றியிருந்தார். பள்ளி ஆசிரியையான மனைவி கற்பகவல்லி எந்த எதிர்ப்பும் காட்டாமல் சரணடைந்தார். அன்றன்று சமைத்ததைப் படத்தோடு 'எங்கள் இலை' என்ற வலைப்பூவில் சிங்காரவேலு எழுதிவந்தார். ராஞ்சியில் வாழ்க்கைப்பட்ட மகள் எழிலரசி அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். இப்போது ஒரு மாதமாகப் படம் எடுப்பதோடு சரி, அதில் ஒரு வரி ஏறவில்லை.

"புள்ளை நேத்து போன் பண்ணுச்சுங்க. 'இனிமே எழுத மாட்டீங்கன்னா சொல்லிருங்கப்பா, நான் தினமும் தொறந்து பாக்காம இருக்கேன்'னு சொல்லுச்சு. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லைங்க. மெதுவாச் சொல்லுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமை எழுதிருவேன்னு சொல்லிட்டேனுங்க. மந்திரம் ஏதாச்சும் இருந்தா..."

"கடைசியா எழுதுனதைப் படிங்க."

சிங்காரவேலு போனை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மணமணக்கும் வாழைப்பூக் கூட்டு. நாவூறும் கத்தரிக்காய்க் குழம்பு. வீட்டில் எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள்."

"அதுக்கு முந்தி?"

"மணமணக்கும் அவரைக்காய்ப் பொரியல். நாவூறும் தட்டைப்பயறுக் குழம்பு. வீட்டில் எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள்."

"ரசிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

சிங்காரவேலு நேர்மையாக யோசித்தார்.

"அப்படித்தானுங்க முடிக்கிறது."

"மந்திரம் எதுவும் இல்லைங்கய்யா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சிங்காரவேலு தமக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அடுப்பில் இறக்கினார். ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து இலை போட்டார். குரு உட்கார்ந்தார். அவருக்கு எதிரே கற்பகவல்லியும் மகன் இளவழுதியும் உட்கார்ந்தார்கள்.

அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பரிமாறிய பிறகு யாரும் இலையைத் தொடக் கூடாது. சிங்காரவேலு சோற்றைக் கோபுரமாகக் குவிப்பார். கறிவேப்பிலையைத் திருப்பி வைப்பார். பளபளப்புக்காகக் கூட்டின்மேல் எண்ணெய் தடவுவார். பிறகு ஸ்டூல்மேல் ஏறிப் படம் எடுப்பார், திருப்தி வராமல் மறுபடியும் எடுப்பார். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக் காத்திருப்பார்கள். சில வீடுகளில் சாப்பிடும்முன் கடவுளை நினைப்பது உண்டு. இந்த வீட்டில் "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள்.

அன்றும் அவர் ஸ்டூல்மேல் ஏறினார்.

நொறுக்.

குரு அப்பளத்தைக் கடித்திருந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்துக்குக் காத்திருந்து நமுத்துப்போன அப்பளத்தையே தின்று பழகிய வீடு அது. நெடுநாள் வராத சொந்தக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டது போல இருந்தது அந்தச் சத்தம்.

"அம்மா, படம்..." என்றார் சிங்காரவேலு மேலிருந்து.

குரு சோற்றுக் கோபுரத்தின் நடுவே குழி பறித்துக்கொண்டிருந்தார். "குழம்பு ஊத்துங்க," என்றார்.

இளவழுதி அம்மாவைப் பார்த்தான். அம்மா குருவைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் அப்பளத்தை எடுத்தார்கள்.

நொறுக். நொறுக்.

"ஏனுங்க, எறங்கி வாங்க. ஆறிப்போயிரும்," என்றார் கற்பகவல்லி.

"அதை அலமாரி மேல வெச்சுட்டு வாங்க," என்றார் குரு.

சிங்காரவேலு போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவரும் சாப்பிட ஆரம்பித்தார்.

"குழம்பு புளிக்குதுப்பா," என்றான் இளவழுதி.

"குரு முன்னாடி என்னடா பேச்சு?"

"புளிக்குதுங்க," என்றார் குரு.

"போன வாரமும் புளிச்சுது," என்றான் இளவழுதி.

"போன வாரம் சொல்லவே இல்லியே!"

"எங்க சொல்றதுப்பா? வெளிச்சம் நல்லாருக்குன்னு என் இலையைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டீங்க."

கற்பகவல்லிக்குச் சிரிப்பில் புரையேறியது. "உன் இலையாச்சும் திரும்பி வந்துச்சு. பொங்கலன்னைக்கு என் கிண்ணத்தை மதில்மேல வெச்சுட்டு வெளிச்சம் பாத்தாரு. காக்கா வந்துருச்சு."

"காக்கா வருதுன்னு நீ ஏன் சொல்லலை?"

"அது ரசிச்சுச் சாப்பிட்டுச்சுங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

குரு இரண்டாம் முறை சோறு கேட்டார்.

தட்டில் ஒரே ஒரு அப்பளம் மிச்சம் இருந்தது. இளவழுதி கையை நீட்டினான். கற்பகவல்லி அந்தக் கைமேல் ஓர் அடி போட்டார்.

"எழில் இருந்தா அது உன் கண்ணுல பட்டிருக்குமாடா?"

"அக்காதான் இல்லியேம்மா."

"இல்லைன்னா? பங்கு இல்லைன்னு ஆயிருமா?"

இளவழுதி அப்பளத்தை உடைத்தான். பாதியைத் தட்டில் திரும்ப வைத்தான். "இந்தாங்க, அக்கா பங்கு. ராஞ்சிக்கு அனுப்புங்க." மீதிப் பாதி பெரியதா சிறியதா என்று அம்மாவும் மகனும் சண்டையை ஆரம்பித்தார்கள். மோருக்கு வந்தபோதும் அது முடியவில்லை.

குரு கை கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினார். சிங்காரவேலு வாசல்வரை வந்தார். முகம் வாடியிருந்தது.

"படமும் போச்சுங்கம்மா. குழம்பும் புளிப்பு. இன்னைக்கு எழுதறேன்னு புள்ளைகிட்ட வேற சொல்லியிருக்கேன். எழுத ஒண்ணுமே இல்லீங்களே."

"சரிங்கய்யா. அந்தக் கடைசி அப்பளம் என்னாச்சு?"

"அதுங்களா? வழுதி கையை நீட்டுனான். அவங்கம்மா ஒண்ணு போட்டா. அவன் உடைச்சுப் பாதியை அக்கா பங்குன்னு தட்டுல வெச்சான். அந்தப் பக்கம் ரெண்டு பேரும் சண்டை. இந்தப் பக்கம் நான் மோர் ஊத்தத் திரும்பறேன், அதுக்குள்ள அந்தப் பாதியை..."

சிங்காரவேலு பேச்சை நிறுத்தினார். குருவின் சேலை முந்தியில் அப்பளத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

குரு அதைத் தட்டிவிட்டார்.

"நான் இங்கேயேதானே இருந்தேன். என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

அன்று மாலை 'எங்கள் இலை'யில் படமில்லாத பதிவு ஒன்று வந்தது. சற்று நேரத்தில் ராஞ்சியிலிருந்து போன் வந்தது. எழிலரசி ஆசிரமத்தின் எண்ணைக் கேட்டாள். தன் பங்கு அப்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள்.